இரும்புக் கையும் உழைப்பாளியின் கையும்

(கோம்பையில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



படக்கதைப் புத்தகங்களைப் பற்றியும், ஆகாயத்தில் பறக்கும் வீரர்களின் சினிமாக்களைப் பற்றியும் இன்று பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். கூலி இருக்கிறது, போனஸ் இருக்கிறது, ரேஷன் இருக்கிறது. இத்தனை விஷயங்கள் இருக்கும்போது மாயாவியைப் பற்றி ஒரு கூட்டமா என்று சிலர் நினைக்கலாம். நினைப்பதில் தவறில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் நம்மோடு இருக்கிற நேரம் எவ்வளவு? அந்த வீரர்களோடு இருக்கிற நேரம் எவ்வளவு? ஷிப்டு முடிந்து அப்பன் வருவதற்குள் பிள்ளை தூங்கிவிடுகிறது. ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிற தாய் விடியுமுன்னே கிளம்பிவிடுகிறாள். இடைப்பட்ட நேரத்தில் பிள்ளைக்குத் துணை யார்? அன்று படக்கதைப் புத்தகம். பிறகு சினிமாக் கொட்டகை. இன்று செல்போன். நம் பிள்ளைகளோடு இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கும் ஒருவனை நாம் விசாரிக்காமல் விடலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இந்தக் கதைகளின் விரோதியாகப் பேச வரவில்லை, ரசிகனாக வந்திருக்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். ஆனால் எழுத்துக் கூட்டாமல் தடதடவென்று வாசிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தது பாடப் புத்தகம் அல்ல. சலூன் கடைப் பெஞ்சிலும், பழைய பேப்பர் கடை மூட்டையிலும் கிடைத்த படக்கதைகள்தான் கற்றுக்கொடுத்தன. அடுத்த கட்டத்தில் என்ன நடக்கும் என்ற ஆவல் இருக்கிறதே, அதற்கு இணையான வாத்தியார் கிடையாது. அட்டை கிழிந்து, கடைசிப் பக்கம் இல்லாமல் நாற்பது கை மாறி வந்த புத்தகத்துக்கு முடிவை நாங்களே கட்டிச் சொல்லிக்கொள்வோம். ஆகவே, "இதெல்லாம் குப்பை, தூக்கி எறி" என்று யாராவது சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

இந்தப் புத்தகங்கள் நமக்கு எங்கிருந்து வந்தன? நம் பக்கத்துச் சிவகாசியிலிருந்து வந்தன. 1972ஆம் ஆண்டு முத்து காமிக்ஸ் அங்கே தொடங்கிற்று. சௌந்தரபாண்டியன் அதன் பதிப்பாளர்; முல்லை தங்கராசன் ஆசிரியர். முதல் புத்தகமே 'இரும்புக்கை மாயாவி'. 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. அதே ஆண்டு சென்னையிலிருந்து ராணி காமிக்ஸ் வந்தது. அதற்கும் முன்னால், 1964இல் பம்பாயில் ஆரம்பித்த இந்திரஜால் காமிக்ஸ், வேதாளரைத் தமிழ் பேச வைத்திருந்தது. ராணியும் இந்திரஜாலும் நின்றுபோயின. முத்துவும் லயனும் இன்றும் சிவகாசியிலிருந்து வந்துகொண்டிருக்கின்றன.

தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்க வந்த அச்சு இயந்திரங்களால் வளர்ந்த ஊர் அது. அந்த இயந்திரங்கள் நம் பிள்ளைகளுக்குக் கதையும் அச்சடித்துக் கொடுத்தன. ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. அதே வட்டாரத்தில், அதே ஆண்டுகளில், இருட்டோடு எழுப்பப்பட்டு, பஸ்ஸில் ஏற்றப்பட்டு, தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கப் போன பிள்ளைகளும் இருந்தார்கள். ஒரு பிள்ளை கதை படித்தது. அதே வயதுப் பிள்ளை விரலில் மருந்துக் கறையோடு உட்கார்ந்திருந்தது. இரும்புக்கை மாயாவியின் கண்ணில் அந்தப் பிள்ளை படவில்லை.

சரி, அந்த மாயாவியையே எடுத்துக்கொள்வோம். 1962இல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' என்ற வாரப் பத்திரிகையில் பிறந்தவர் அவர். பெயர் லூயிஸ் கிராண்டல். ஆராய்ச்சிக் கூடத்தில் உதவியாளர் வேலை. விபத்தில் வலது கை போய்விட்டது. இரும்புக் கை பொருத்தினார்கள். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார். அந்த இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அந்தக் கை சுவரில் ஊர்ந்து வரும். கதவைத் திறக்கும். கயவன் கழுத்தைப் பிடிக்கும். எத்தனை தடவை படித்தாலும் மயிர்க்கூச்செறியும் கதை!

இங்கே உட்கார்ந்திருக்கிற ஆலைத் தோழர்களைக் கேட்கிறேன். வேலை செய்யும் இடத்தில் கை போனவனின் கதை உங்களுக்குப் புதிதா? கார்டிங்கில் விரல் போனவனை நீங்கள் பார்த்ததில்லையா? அவனும் மாயமாய் மறைந்துதான் போகிறான். எப்படி? கான்ட்ராக்ட் ஆள் என்றால் மஸ்டர் ரோலில் அவன் பெயரே இருப்பதில்லை. விபத்துப் பதிவேட்டில் விபத்தே இருப்பதில்லை. "கவனக்குறைவு" என்று ஒரு வார்த்தை எழுதினால் நஷ்டஈடும் மறைந்துவிடுகிறது. எஞ்சியிருப்பது குறைபட்ட அந்தக் கை ஒன்றுதான். லண்டன் மாயாவிக்கு ரகசிய சக்தி கிடைத்தது. நம் மாயாவிக்குக் கிடைத்தது வேலை நீக்கம்.

வேலையில் அடிபட்டவனுக்கு நஷ்டஈடு கொடுத்தாக வேண்டும் என்று நம் நாட்டில் 1923இலேயே சட்டம் வந்தது. சட்டத்தில் இருந்ததைக் கைக்குக் கொண்டுவர எத்தனை பேர் சங்கமாய்ச் சேர்ந்து நடையாய் நடக்க வேண்டியிருந்தது என்பது உங்களுக்கே தெரியும். மறைந்துபோன மனிதனை மறுபடி கண்ணுக்குத் தெரிய வைப்பது பெரிய வித்தை, தோழர்களே! அதைக் கற்றவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள்.

அடுத்து வேதாளர். 1936இல் அமெரிக்காவில் லீ ஃபாக் என்பவர் உண்டாக்கிய பாத்திரம். மண்டை ஓட்டுக் குகை, முகமூடி, குதிரை, டெவில் என்ற ஓநாய். அந்த டெவிலை நம் ஊர்ப் பையன்கள் யாரும் ஓநாய் என்று ஒப்புக்கொண்டதில்லை. "அது கோம்பை நாய்தான், நம்ம ஊரிலிருந்துதான் கொண்டு போயிருக்கிறார்" என்று சத்தியம் செய்வோம்! அவ்வளவு பிரியம் அவர்மேல்.

வயது ஏறிய பிறகு அதே கதையைப் படித்தால் ஒரு கேள்வி எழுகிறது. காடு கறுப்பு மக்களுடையது. காவல் மட்டும் தலைமுறை தலைமுறையாக ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துடையது. இருபத்தொரு தலைமுறை! இவ்வளவு காலத்தில் காட்டு மக்களில் ஒருவனுக்குக்கூட அந்த நாற்காலியில் உட்காரத் தகுதி வரவில்லையா? ஆரம்பத்தில் அந்தக் காட்டுக்கு வங்காளத்தின் பெயர்தான் வைத்திருந்தார்கள். நம் வாசகனுக்கு உறுத்தும் என்று இந்திரஜால் பதிப்பில் டென்காலி என்று மாற்றினார்கள். பெயரை மாற்றினார்கள், ஏற்பாட்டை மாற்றவில்லை. அந்த 1936இலேதான் நம் நாட்டு விவசாயிகள் லக்னோவில் கூடி அகில இந்திய கிசான் சபாவை அமைத்தார்கள். முகமூடிக்காரர் யாரும் அவர்களைக் கூட்டவில்லை. கதையை ரசிப்போம், ஆனால் கதையில் யாருக்குப் பேச வாய் இல்லை என்பதையும் பார்ப்போம்.

இப்போது இன்னொருவரிடம் வருகிறேன். சூப்பர்மேன். 1938இல் வெளிவந்தவர். அமெரிக்காவில் கிளீவ்லண்ட் நகரத்தில் வளர்ந்த இரண்டு இளைஞர்கள், ஜெர்ரி சீகல் எழுதினார், ஜோ ஷூஸ்டர் வரைந்தார். பிழைப்புத் தேடி வந்து குடியேறிய யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். அமெரிக்காவில் ஆலைகள் மூடி, கோடிக்கணக்கானவர்கள் வேலையில்லாமல் தெருவில் நின்ற காலத்தில் அவர்கள் இந்த வீரனைக் கற்பனை செய்தார்கள்.

அந்த முதல் சூப்பர்மேன் யாரோடு சண்டை போட்டார் தெரியுமா? வேற்றுக்கிரக அரக்கர்களோடு அல்ல. மனைவியை அடிக்கிற கணவனைத் தூக்கிச் சுவரில் மோதினார். லஞ்சக்கார அரசியல்வாதியைப் பிடித்து உலுக்கினார். மூன்றாவது இதழில் ஒரு சுரங்கம் வருகிறது. பாதுகாப்பில்லாத சுரங்கத்தில் தொழிலாளி சிக்கி ஊனமாகிறான். முதலாளியோ கவலையே படவில்லை. சூப்பர்மேன் சுரங்கத் தொழிலாளி வேஷத்தில் வருகிறார். முதலாளி விருந்து நடத்தி, வேடிக்கைக்காக விருந்தாளிகளோடு சுரங்கத்துக்குள் இறங்குகிறபோது பாதையை இடித்து மூடிவிடுகிறார். அபாய மணியை இழுத்தால் அது வேலை செய்யவில்லை. பட்டும் நகையுமாக வந்தவர்கள் கையில் கடப்பாரை பிடித்துத் தோண்டிப் பார்க்கிறார்கள். அப்போதுதான் அந்த முதலாளிக்குச் சுரங்கம் என்றால் என்னவென்று தெரிகிறது! 1939 ஜனவரி இதழில், ஏழைகள் வாழும் இடிந்த குடியிருப்புகளை சூப்பர்மேன் தரைமட்டமாக்குகிறார். அரசாங்கம் வேறு வழியில்லாமல் நல்ல வீடுகள் கட்டிக் கொடுக்கிறது.

பிறகு என்ன ஆயிற்று? புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. விற்க விற்க வீரனின் குணம் மாறிற்று. சுரங்க முதலாளி கதையிலிருந்து போய்விட்டார். பாங்குக் கொள்ளைக்காரனும் பைத்தியக்கார விஞ்ஞானியும் வந்தார்கள். சொத்துக்கு ஆபத்து வந்தால் பறந்து வருகிற காவல்காரர் ஆகிவிட்டார் நம் தோழர்.

அவரைப் பெற்றவர்களுக்கு என்ன கிடைத்தது? கேளுங்கள். பதின்மூன்று பக்கக் கதை. பக்கத்துக்குப் பத்து டாலர். ஆக 130 டாலர். அந்தத் தொகைக்கு சூப்பர்மேனின் சகல உரிமைகளும் கம்பெனிக்கு எழுதி வாங்கப்பட்டன. 1947இல் இருவரும் வழக்குப் போட்டார்கள். வேலை போயிற்று. கதையின் மேலே போட்டுவந்த அவர்கள் பெயரும் போயிற்று. ஷூஸ்டருக்குக் கண்பார்வை மங்கியது. சீகல் பிற்காலத்தில் குமாஸ்தா வேலை பார்த்துச் சீவனம் நடத்தினார். அந்த 130 டாலர் அடங்கிய காசோலைத் தாள் இருக்கிறதே, அதை 2012இல் ஏலம் விட்டார்கள். 1,60,000 டாலருக்குப் போயிற்று. உழைத்தவனுக்கு 130. அவனுக்குக் கூலி கொடுத்த காகிதத்துக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம்!

இந்த சீகலுக்கும் நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1960களில் அவர் லண்டன் 'லயன்' பத்திரிகைக்கு ஸ்பைடர் கதைகள் எழுதினார். நூல் பாய்ச்சுகிற சிலந்தி மனிதர் வேறு, இவர் வேறு. கூர்ந்த காது, கறுப்பு உடை, முதலில் குற்றவாளிகளின் சக்கரவர்த்தி, பிறகு நல்லவர். அந்த ஸ்பைடர்தான் 1980களில் சிவகாசி லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழ்நாட்டுப் பையன்களின் தூக்கத்தைக் கெடுத்தார். அந்த நாள் ஆங்கில வாரப் பத்திரிகைகளில் எழுதியவன் பெயரையும் வரைந்தவன் பெயரையும் போடுகிற வழக்கம் இல்லை. ஆகவே சூப்பர்மேனைப் பெற்ற மனிதரின் கதையைத்தான் படிக்கிறோம் என்று அறியாமலே நம் பையன்கள் படித்தார்கள். பேட்மேன் கதையும் இப்படித்தான். 1939இல் பாப் கேன் ஒருவர் பெயரில் ஒப்பந்தம். கூட இருந்து கதையும் உருவமும் அமைத்துக் கொடுத்த பில் ஃபிங்கர் 1974இல் இறந்தபோது பெயருமில்லை, பொருளுமில்லை. அவர் பெயரை முறைப்படி சேர்த்தது 2015இல்.

சீகலும் ஷூஸ்டரும் எப்படி மீண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1975இல் சூப்பர்மேன் சினிமா எடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. சீகல் தன் நிலைமையை விளக்கி ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். பத்திரிகைகள் அதைக் கையில் எடுத்தன. ஜெர்ரி ராபின்சன், நீல் ஆடம்ஸ் போன்ற ஓவியர்கள் சகாக்களைத் திரட்டி அவர்கள் பக்கம் நின்றார்கள். அவமானம் தாங்காமல் கம்பெனி இறங்கி வந்தது. இருவருக்கும் வருஷத்துக்கு 20,000 டாலர் ஓய்வூதியம். பெயரும் திரும்ப வந்தது. 1978இல் வந்த அந்தச் சினிமா உலகமெங்கும் சுமார் 30 கோடி டாலர் வசூலித்தது. அதோடு பார்த்தால் கிடைத்தது சொற்பம்தான். ஆனாலும் கவனியுங்கள். கதைக்குள்ளே ஒருவன் ஆயிரம் பேரைக் காப்பாற்றினான். கதைக்கு வெளியே பலர் சேர்ந்துதான் அவனை உண்டாக்கிய இருவரைக் காப்பாற்றினார்கள்.

இன்றைய சினிமாவுக்கு வருவோம். வீரன் பறக்கிறான், நகரம் இடிகிறது, கடல் பிளக்கிறது. இதையெல்லாம் செய்வது நடிகரா? கம்ப்யூட்டர் முன்னால் இரவு பகலாக உட்கார்ந்திருக்கிற தொழிலாளி. அவன் அமெரிக்காவிலும் இருக்கிறான். பெங்களூரிலும் பம்பாயிலும் சென்னையிலும் இருக்கிறான். படம் முடிந்து பெயர்கள் ஓடுகிறபோது நாம் எழுந்து போய்விடுகிறோம். அந்தப் பெயர்ப் பட்டியல்தான் அந்தப் படத்தின் மஸ்டர் ரோல்! 2019இல் வந்த 'அவெஞ்சர்ஸ் எண்ட்கேம்' சுமார் 280 கோடி டாலர் வசூலித்தது. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் என்ற பெரிய கம்பெனி திவாலாகி மூடியபோது, அமெரிக்கச் சினிமாக்களுக்கு ஜால வேலை செய்துகொண்டிருந்த பெங்களூர், பம்பாய்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் திடீரென்று நடுத்தெருவில் நின்றார்கள். எந்த முகமூடி வீரனும் பறந்து வரவில்லை.

ஆனால் நல்ல செய்தியும் உண்டு. 2023 செப்டம்பரில், அந்த அவெஞ்சர்ஸ் படங்களை எடுத்த மார்வெல் கம்பெனியின் காட்சி ஜாலத் தொழிலாளர்கள் சங்கம் வைத்துக்கொள்வதா என்று வாக்கெடுத்தார்கள். எதிர்த்து ஒரு வாக்குகூட விழவில்லை. இத்தனை படங்களில் பார்த்த கடைசிச் சண்டைகளைவிட இந்தச் செய்திதான் ரசிகனான என்னை அதிகம் கைதட்ட வைத்தது.

நம் பக்கத்தில் இந்த மாதிரிப் படங்கள் வரவில்லையா? வந்தன. 2012இல் மிஷ்கின் 'முகமூடி' எடுத்தார். நான் இரண்டு படங்களைச் சொல்கிறேன். ஒன்று, 2021இல் மலையாளத்தில் வந்த 'மின்னல் முரளி'. மலைக்கு அந்தப்புறம் ஒரு கேரளக் கிராமம். மின்னல் இரண்டு பேர்மீது விழுகிறது. ஒருவன் தையல்காரன். மற்றவன் ஊரார் பைத்தியம் என்று ஒதுக்கி வைத்த ஏழை. தமிழ் நடிகர் குரு சோமசுந்தரம் அந்த வேஷத்தில் நம்மைக் கலங்க வைக்கிறார். இருவருக்கும் ஒரே சக்தி. ஒருவன் வீரனாகிறான், மற்றவன் வில்லனாகிறான். வில்லனை யார் உண்டாக்கியது? மின்னலா? இல்லை, ஒரு வாய் நல்ல வார்த்தை சொல்லாத ஊர்! அந்த உண்மையைச் சொன்னதால் அது நல்ல படம்.

மற்றொன்று 2023இல் வந்த 'மாவீரன்'. மடோன் அஸ்வின் எடுத்தது. கதாநாயகனே ஒரு படக்கதை ஓவியன். காகிதத்தில் வீரம் வரைகிறவன், நேரில் பயந்தவன். குடிசையிலிருந்து பெயர்த்து அடுக்குமாடியில் குடியேற்றப்பட்ட ஜனங்கள். குடியேறிய வீட்டில் விரிசல். பூச்சு உதிர்கிறது. இது வெறும் கற்பனையா? 2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில், தொட்டாலே உதிர்கிற சுவரை அங்கே குடியேறிய மக்கள் விரலால் தொட்டுக் காட்டினார்களே, மறந்துவிட்டோமா? அந்த ஜனங்கள் காட்டியதால்தான் ஐ.ஐ.டி. நிபுணர்கள் வந்து பார்த்தார்கள். 1939இல் சூப்பர்மேன் குடிசைகளை இடித்தால் போதும், நல்ல வீடு வந்துவிடும் என்று கதை எழுதினார்கள். 84 வருஷம் கழித்து நம் ஆள் ஒருவர் அடுத்த கேள்வியைக் கேட்டார்: கட்டிக் கொடுத்த வீடு நிற்குமா? சுவரைத் தொட்டுப் பார்க்கிற உரிமை அங்கே குடியிருக்கிறவனுக்கு உண்டா?

கடைசியாக நம் பள்ளத்தாக்கின் கதை. நமக்கும் ஒரு வீரர் உண்டு. கர்னல் பென்னிகுயிக். 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை இல்லையென்றால் இந்தப் பள்ளத்தாக்கில் இரண்டு போகம் ஏது? அவர் படம் இல்லாத டீக்கடை இல்லை. பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைக்கிறோம். லோயர் கேம்பில் 2013இல் மணிமண்டபம் திறந்தார்கள். நன்றி மறவாத ஜனங்கள் நாம். அது நமக்குப் பெருமைதான். ஆனால் அந்த மலைக்காட்டில், அடாத மழையில், காய்ச்சலில், சுண்ணாம்பும் சுர்க்கியும் சுமந்து கல்மேல் கல் வைத்தவர்கள் ஆயிரக்கணக்கான கூலிகள். நூற்றுக்கணக்கானவர்கள் நோயிலும் வெள்ளத்திலும் மாண்டு அந்தக் காட்டிலேயே புதைந்தார்கள். அவர்களில் ஒருவர் பெயரையாவது நம் பிள்ளைகளுக்குச் சொல்ல நம்மால் முடியுமா? பென்னிகுயிக்கை வணங்குவோம். அவர் படத்துக்குப் பக்கத்தில், பெயர் தெரியாத அந்தக் கூலிகளுக்கும் ஓர் இடம் விட்டு வைப்போம்.

ஆகவே, தோழர்களே, பிள்ளை கையிலிருந்து படக்கதையைப் பிடுங்காதீர்கள். கொட்டகைக்குப் போகாதே என்று அடிக்காதீர்கள். பத்து மணி நேரம் நின்று உழைத்தவன், ஒருவன் கையை ஓங்கினால் அநியாயம் தூள்தூளாகும் காட்சியைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறான் என்றால், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அநியாயம் ஒழிய வேண்டும் என்ற ஆசைதானே அது? ஆசை நல்லது. ஆனால் காப்பாற்ற ஒருவன் மேலிருந்து வருவான் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தால் கழுத்துத்தான் வலிக்கும்.

நம் படிப்பகங்களில் பத்திரிகைகளோடு ஒரு வரிசை படக்கதையும் இருக்கட்டும். பெரியவர்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து படியுங்கள். படித்து முடித்ததும் மூன்றே கேள்விகள் கேளுங்கள். இந்தக் கதையில் வீரன் யாரோடு சண்டை போட்டான், யாரைத் தொடாமல் விட்டான்? காப்பாற்றப்பட்ட ஜனங்களுக்குப் பெயர் இருந்ததா, பேச வாய் இருந்ததா? இதை எழுதி, வரைந்து, அச்சுக் கோத்த கைகளுக்கு என்ன கூலி கொடுத்தார்கள்?

மூன்றாவது கேள்வியைக் கேட்கத் தெரிந்த பிள்ளை, நாளைக்கு ஆலை வாசலிலும் வரப்பிலும் அதே கேள்வியைக் கேட்கும்.